எஸ்.டி.பி. கணக்கு உதைக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கலாம்

வாயுக் கணக்கில் விடை ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலான பிள்ளைகள் முதல் வரியிலிருந்து மறுபடி போடுகிறார்கள். அதே தப்பு அதே இடத்தில் மறுபடியும் நடக்கிறது. திட்ட வெப்ப அழுத்த நிலை, அதாவது வகுப்பில் நாம் எஸ்.டி.பி. என்று சொல்வது, சம்பந்தப்பட்ட பிழைகளைப் பிடிக்க அதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது. இந்தப் பிழைகள் ஒவ்வொன்றும் விடையை ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் கெடுக்கும். பெரிய விடையைச் சின்ன விடையால் வகுத்துப் பாருங்கள். 1.013 வந்தால் ஒரு காரணம், 1.09 வந்தால் இன்னொன்று, 101 வந்தால் வேறு ஒன்று.

நம் பக்கத்தில் இதைத் தெரிந்துவைத்திருப்பது கட்டாயம் என்றே சொல்வேன். எஸ்.டி.பி.யின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ், பனிக்கட்டி உருகும் நிலை. பாளையங்கோட்டையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். சித்திரையில் 38 டிகிரி சர்வசாதாரணம். நாம் ஆய்வகத்தில் அளக்கும் வாயுவுக்கும் புத்தகத்து வாயுவுக்கும் நடுவே 30 டிகிரிக்கு மேல் இடைவெளி நிற்கிறது. குளிர்ப் பிரதேசத்து ஆய்வகத்தில் ஏழெட்டு சதவீதத்தோடு போகிற கவனக்குறைவு இங்கே 15, 18 என்று ஏறிவிடும். பிள்ளை தன் சோதனையே தப்பு என்று நம்பி, ரெக்கார்டு நோட்டில் புத்தக எண்ணுக்குப் பக்கத்தில் வரும்படி ஒரு எண்ணை எழுதிவைத்துவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். அந்தப் பிள்ளை அளந்தது சரி, ஒப்பிட்டது மட்டுமே தப்பு.

முதலில் நான்கு விவரம்

எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும் நான்கு விவரங்களைத் தாளின் மேலே எழுதிவிடுங்கள். வாயுவின் வெப்பநிலை என்ன? அதன் அழுத்தம் என்ன? நீருக்கு மேலே பிடித்த ஈர வாயுவா, உலர்ந்த வாயுவா? நீங்கள் ஒப்பிடும் விடை எந்தத் திட்ட நிலையில் சொல்லப்பட்டது? முதல் மூன்றையும் ஓரளவு எழுதிவிடுகிறார்கள். நான்காவதை யாரும் எழுதுவதில்லை, பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

ஒரு மோல் நல்லியல்பு வாயுவின் (மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று இழுக்காது என்று வைத்துக்கொண்ட வாயு) கன அளவு நிலைக்கு நிலை மாறும். இந்த ஆறு எண்களையும் ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

0 டிகிரி, 1 அட்மாஸ்பியர்: 22.414 லிட்டர் (பழைய எஸ்.டி.பி.)
0 டிகிரி, 1 பார்: 22.711 லிட்டர் (ஐயூபேக் என்ற உலக வேதியியல் அமைப்பு சொல்லும் இன்றைய எஸ்.டி.பி.)
15 டிகிரி, 1 அட்மாஸ்பியர்: 23.645 லிட்டர் (இயற்கை எரிவாயு அளவீட்டில்)
20 டிகிரி, 1 அட்மாஸ்பியர்: 24.055 லிட்டர்
25 டிகிரி, 1 அட்மாஸ்பியர்: 24.465 லிட்டர்
25 டிகிரி, 1 பார்: 24.790 லிட்டர்

அறிகுறி: வித்தியாசம் சரியாக 1.3 சதவீதம்

விகிதம் 1.013 என்று வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். அட்மாஸ்பியரும் பாரும் கலந்துவிட்டன.

1 அட்மாஸ்பியர் என்பது 1,01,325 பாஸ்கல். 1954இல் எடை அளவுகளுக்கான பொது மாநாடு அந்த எண்ணை உறுதிசெய்தது. 1 பார் என்பது 1,00,000 பாஸ்கல். எஸ்.டி.பி. அழுத்தத்தை அட்மாஸ்பியரிலிருந்து 1 பாருக்கு மாற்ற ஐயூபேக் 1982இல் பரிந்துரைத்தது. பாஸ்கல் அலகில் கணக்குப் போடும்போது 1,01,325 என்ற ஒழுங்கற்ற எண்ணைவிட முழு எண் வசதி என்பதே காரணம். அன்றிலிருந்து மோலார் கன அளவு 22.414இலிருந்து 22.711 ஆயிற்று. ஆனால் 22.4 என்ற எண் நம் தலைமுறைகளின் மனதில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டதால் இன்றும் அதுதான் முதலில் வாயில் வருகிறது.

பாளையில் ஒரே டியூஷன் வகுப்பில் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளையும் சி.பி.எஸ்.இ. பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பில் படித்த 22.4ஐப் போடும். இன்னொரு பிள்ளை 273.15 கெல்வின், 1 பார் என்ற நிலைக்கு உரிய 22.71ஐப் போடும். இரண்டு பேரும் தப்பில்லை. வினாவில் அழுத்தம் சொல்லியிருந்தால் அதை எடுங்கள். சொல்லவில்லை, விடைகள் நான்கும் கொடுத்திருக்கிறார்கள் என்றால் இரண்டு எண்ணையும் போட்டுப் பார்த்து எது பொருந்துகிறது என்று பாருங்கள். எழுத்துத் தேர்வு என்றால் 'எஸ்.டி.பி. 273.15 கெல்வின், 1 பார் எனக் கொண்டு' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அந்த வரியை எழுதிய பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதே 1.3 சதவீதம் வாயு மாறிலி (PV = nRT சமன்பாட்டில் வரும் ஆர்) வழியாகவும் நுழையும். லிட்டரும் அட்மாஸ்பியரும் என்றால் ஆர் மதிப்பு 0.08206. லிட்டரும் பாரும் என்றால் 0.08314. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருப்பதால் கண் ஏமாந்துவிடும்.

அறிகுறி: விடை 101 மடங்கு

மாறிலியை 8.314 என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தை அட்மாஸ்பியரிலும் கன அளவை லிட்டரிலும் போட்டிருக்கிறீர்கள். 8.314 வேண்டுமென்றால் அழுத்தம் கிலோபாஸ்கலில், கன அளவு லிட்டரில் இருக்கட்டும். அல்லது பாஸ்கலும் கன மீட்டரும். அவ்வளவுதான்.

விகிதம் இப்படி எதிலும் அடங்காமல் பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று ஓடினால் வெப்பநிலையைப் பாருங்கள். 32 டிகிரியைக் கெல்வினாக்காமல் 32 என்றே போட்டால் விடை ஒன்பதரை மடங்கு விலகும். 0 டிகிரியை அப்படியே போட்டால் சுழியால் வகுக்க நேர்ந்து கால்குலேட்டரே நின்றுவிடும்.

அறிகுறி: 7 சதவீதம், 9 சதவீதம், 10.6 சதவீதம்

இது பெயர்க் குழப்பம். நம் ஊர்ப் பழைய புத்தகங்களில் என்.டி.பி. என்று இருந்தால் 0 டிகிரி, 760 மி.மீ. பாதரசம் என்று பொருள். அதாவது பழைய எஸ்.டி.பி.யே இன்னொரு பெயரில். பொறியியல் கேட்டலாக்கிலும் அமெரிக்க அட்டவணைகளிலும் அதே என்.டி.பி. என்றால் பெரும்பாலும் 20 டிகிரி, 1 அட்மாஸ்பியர். இந்த இரண்டுக்கும் இடையே 7.3 சதவீத வித்தியாசம்.

9.15 சதவீதம் என்றால் 0 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம். 298.15ஐ 273.15ஆல் வகுத்தால் வருவது அதுதான். 10.6 சதவீதம் என்றால் வெப்பநிலை, அழுத்தம் இரண்டுமே மாறியிருக்கின்றன: ஒரு பக்கம் பழைய எஸ்.டி.பி., மறுபக்கம் 25 டிகிரியும் 1 பாரும். பிந்தையதை எஸ்.ஏ.டி.பி. என்பார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளிக்காற்றின் தரத்துக்கு 25 டிகிரி, 760 மி.மீ. எடுத்துக்கொள்கிறது. அது 24.465.

பெயரை நம்பாதீர்கள், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். எண் இல்லை என்றால் அந்த அட்டவணையைப் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி: "சார், ஹைட்ரஜன் கூடுதலா வந்துட்டு"

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஆய்வகங்களில் அதிகம் நடக்கிற சோதனை இது. மக்னீசியம் நாடாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, வெளிவரும் ஹைட்ரஜனைத் தலைகீழாகக் கவிழ்த்த அளவுக் குழாயில் நீருக்கு மேலே பிடிக்கிறோம். அதிலிருந்து மோலார் கன அளவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

0.040 கிராம் மக்னீசியம் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 24.305ஆல் வகுத்தால் 0.001646 மோல். அதே அளவு மோல் ஹைட்ரஜன் வரும். 22.414ஆல் பெருக்கினால் 36.9 மி.லி. வர வேண்டும் என்று பிள்ளை எதிர்பார்க்கிறது. குழாயில் 43.5 மி.லி. நிற்கிறது. 18 சதவீதம் கூடுதல். முகம் வாடிவிடுகிறது.

வாடத் தேவையில்லை. அன்றைக்கு நீரின் வெப்பநிலை 32 டிகிரி, காற்றழுத்தம் 755 மி.மீ. என்றால் 43.5 தான் வர வேண்டும். எப்படி என்று பாருங்கள்.

முதலில் வெப்பநிலை. 305.15ஐ 273.15ஆல் வகுத்தால் 1.117. பதினெட்டில் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கணக்கு சொல்லியாயிற்று.

அடுத்து நீராவி. குழாயில் இருப்பது ஹைட்ரஜன் மட்டுமில்லை. நீருக்கு மேலே பிடித்த எந்த வாயுவிலும் அந்த வெப்பநிலைக்கு உரிய நீராவி நிறைந்திருக்கும். 20 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் 17.5 மி.மீ. 25 டிகிரியில் 23.8. 30 டிகிரியில் 31.8. 32இல் 35.7. 35இல் 42.2. ஏறுகிற வேகத்தைக் கவனியுங்கள்: 20இலிருந்து 35க்குப் போனால் இரண்டே கால் மடங்குக்கு மேல். வேறு இடத்தில் எழுதிய செய்முறைக் கையேட்டில் 'நீராவித் திருத்தம் சிறியது, விட்டுவிடலாம்' என்று இருந்தால் அதை இங்கே பின்பற்றக் கூடாது. 755இல் 35.7ஐக் கழித்தால் 719.3. உலர்ந்த ஹைட்ரஜனின் அழுத்தம் அதுதான்.

இப்போது மாற்றுங்கள். 43.5 × (719.3 ÷ 760) × (273.15 ÷ 305.15) = 36.85 மி.லி. அதை 0.001646 மோலால் வகுத்தால் மோலுக்கு 22.39 லிட்டர். கையால் செய்த ஒரு சோதனைக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா?

நீராவியைக் கழிக்காமல் 755ஐ அப்படியே போட்டிருந்தால் 23.5 லிட்டர் வந்திருக்கும். விகிதம் 1.05. ஆகவே வெப்பநிலையைத் திருத்திய பிறகும் நாலு, அஞ்சு சதவீதம் கூடுதலாக நின்றால் குற்றவாளி நீராவிதான். இந்த ஒரு விகிதம் மட்டும் நாளுக்கு நாள் மாறும். தை மாதக் காலையில் மூணரை, சித்திரை மத்தியானத்தில் ஆறு சதவீதம் வரை போகும்.

இதே சோதனையில் சின்னச் சின்னதாக இன்னும் சில இடங்கள் உண்டு.

வெப்பநிலை என்று எதை எழுதினீர்கள்? சுவரில் தொங்கும் வெப்பமானியின் எண்ணை எழுதினால் போதாது. குழாயைச் சுற்றியிருக்கும் நீரின் வெப்பநிலையை எழுத வேண்டும். கோடையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும், அறை 34ஆக இருக்கும். தண்ணீரை முந்தின நாளே வாளியில் பிடித்து அறையில் வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். வாயுவைப் பிடித்தவுடனே அளக்காமல் பத்து நிமிடம் விட்டு அளப்பதும் அவசியம், ஏனென்றால் வினை நடக்கும்போது சூடு வெளிவருகிறது.

குழாயின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றா? உள்மட்டம் வெளிமட்டத்தைவிட உயரமாக நின்றால் உள்ளே அழுத்தம் குறைவு. 13.6 மி.மீ. நீர் 1 மி.மீ. பாதரசத்துக்குச் சமம். 10 செ.மீ. உயரம் விட்டுவிட்டால் ஏறக்குறைய 7 மி.மீ., அதாவது ஒரு சதவீதம். உயரமான ஜாடியில் குழாயை இறக்கி மட்டத்தைச் சமப்படுத்திவிட்டு அளவு எடுங்கள். ஜாடி இல்லை என்றால் உயரத்தை ஸ்கேலால் அளந்து கழித்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரி, ஆனால் வாயு குறைவாக வருகிறதா? மக்னீசியம் நாடாவைப் பாருங்கள். நம் ஈரக் காற்றில் திறந்துவைத்த நாடா மங்கிப்போயிருக்கும். அந்த மேல்பூச்சு உலோகம் இல்லை, ஹைட்ரஜன் தராது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு அப்புறம் எடை போடுங்கள். தேய்த்த பிறகு எடை போடுவது முக்கியம், முன்னால் இல்லை.

சுண்ணாம்புக் கல்லில் அமிலம் ஊற்றிக் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும்போது குறைந்தால் காரணம் வேறு. அந்த வாயு நீரில் கரையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 0.8 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை வாயு சிரிஞ்சில் பிடிப்பதுதான் சரி. அம்மோனியாவை நீருக்கு மேலே பிடிக்க நினைக்கவே வேண்டாம்.

அறிகுறி: பாரோமீட்டர் 760 காட்டுகிறது, ஆனாலும் அரை சதவீதத்துக்கு மேல் உதைக்கிறது

பழைய கல்லூரிகளில் சுவரில் ஃபார்ட்டின் பாரோமீட்டர் மாட்டியிருக்கும். அருமையான கருவி. ஆனால் அது காட்டும் உயரத்தை அப்படியே அழுத்தமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 760 மி.மீ. என்பது 0 டிகிரியில் இருக்கும் பாதரசத்துக்கும், 9.80665 என்ற திட்ட ஈர்ப்பு முடுக்கத்துக்கும் சொன்ன அளவு. நம் அறையில் இரண்டுமே இல்லை.

32 டிகிரியில் பாதரசம் விரிந்திருக்கும். பித்தளை அளவுகோல் விரிவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு டிகிரிக்கு 0.000163 பங்கு கழிக்க வேண்டும். 760க்கு 32 டிகிரியில் ஏறக்குறைய 4 மி.மீ. அடுத்தது ஈர்ப்பு. திருநெல்வேலி பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது டிகிரிக்குள் இருக்கிறது. இங்கே ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.78. பாதரசம் கொஞ்சம் லேசாக இருப்பதால் அதே அழுத்தத்துக்குக் கொஞ்சம் உயரமாக நிற்கும். அதற்கு இன்னொரு 2 மி.மீ. கழிக்க வேண்டும். ஆக, கருவி 760 காட்டும்போது உண்மை அழுத்தம் 754 அருகில்தான். முக்கால் சதவீதம். பாரோமீட்டரின் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு வெப்பமானி இருப்பது இந்தத் திருத்தத்துக்காகத்தான். அதைப் படிக்காமல் நகராதீர்கள்.

அறிகுறி: செல்போனில் பார்த்த அழுத்தம் பொருந்தவில்லை

வானிலைச் செயலியில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொன்ன எண். திருநெல்வேலி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 50 மீட்டர் உயரம். ஒவ்வொரு ஒன்பது மீட்டருக்கும் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும் என்று வைத்துக்கொண்டால் செயலி 1008 காட்டும்போது நம் மேசையில் 1003 போல இருக்கும். அரை சதவீதம். பள்ளிக்கூடச் சோதனைக்குப் பெரிய தொந்தரவில்லை.

திருச்செந்தூர், உவரிக் கடற்கரையில் அந்த அரை சதவீதமும் இருக்காது. ஆனால் மாஞ்சோலைப் பக்கம் மலையேறிவிட்டால் கதை வேறு. 1000 மீட்டர் உயரத்தில் உண்மை அழுத்தம் 900 ஹெக்டோபாஸ்கல் அருகில், தண்ணீரே 97 டிகிரியில் கொதித்துவிடும். செயலியோ கீழே காட்டிய அதே ஆயிரத்துச் சொச்சத்தைத்தான் அங்கேயும் காட்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் 12 சதவீதம் தப்பும். சில போன்களுக்குள் காற்றழுத்த உணரி இருக்கிறது. அதன் எண்ணை நேரடியாகக் காட்டும் செயலியைப் போட்டுக்கொண்டால் அந்த இடத்து அழுத்தமே கிடைக்கும். அதை எடுங்கள்.

இன்னொன்று. காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அழுத்தம் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் மாறுவது நம் போன்ற வெப்ப நாடுகளில் தினமும் நடப்பது. புயல் எதுவும் வேண்டியதில்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அறிகுறி: விடை பாதி, அல்லது இரண்டு மடங்கு

சிலிண்டர், கம்ப்ரசர், டயர் எதில் இருக்கும் டயலும் வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் காட்டும். டயல் சுழியில் நின்றாலும் உள்ளே 1 பார் இருக்கிறது. டயல் 1 பார் என்றால் உண்மையில் 2 பார். 150 பார் ஆக்சிஜன் சிலிண்டரில் இந்த ஒன்று கண்ணுக்குத் தெரியாது. குறைந்த அழுத்தத்தில்தான் கணக்கையே கவிழ்க்கும்.

அறிகுறி: கம்ப்ரசர் சொன்ன அளவு காற்று தரவில்லை

இது பட்டறைக்காரர்களுக்கும் கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கும். "அண்ணாச்சி, மணிக்கு 100 கன மீட்டர்னு சொல்லித்தான வாங்குனோம், மெஷினுக்குப் பத்தலையே" என்று கேட்பார்கள். மெஷின் கேட்பது நார்மல் கன மீட்டர் என்றால் அது பெரும்பாலும் 0 டிகிரி, 1 அட்மாஸ்பியர், உலர்ந்த காற்று. கம்ப்ரசர் உறிஞ்சுவது நம் ஊர்க் காற்று. 36 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம், அழுத்தம் 1003 ஹெக்டோபாஸ்கல் என்றால் 100 நார்மல் கன மீட்டருக்கு உண்மையில் சுமார் 118 கன மீட்டர் உறிஞ்ச வேண்டும். கம்ப்ரசர் கேட்டலாக் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 1217 என்ற கம்ப்ரசர் சோதனைத் தரநிலையைப் பின்பற்றி 20 டிகிரி, 1 பார், உலர்ந்த காற்று என்று சொல்லியிருக்கும். வாங்கும் முன்பே இரண்டு பக்கமும் எந்த நிலை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயு ஓட்டமானிகளுக்கும் இதேதான்: சில தயாரிப்புகள் 0 டிகிரி, சில 20 டிகிரி.

அறிகுறி: சமநிலை மாறிலி எந்த அட்டவணையோடும் சேரவில்லை

பி.எஸ்.சி. பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பது. திட்ட கிப்ஸ் ஆற்றல் என்ற சொல்லில் 'திட்ட' இருப்பதால் வெப்பநிலையை 273 என்று போட்டுவிடுகிறார்கள். திட்ட நிலை என்பது அழுத்தத்தை மட்டுமே 1 பார் என்று சொல்கிறது. வெப்பநிலை அதில் கிடையாது. அட்டவணைகள் பெரும்பாலும் 298.15 கெல்வினில் தரப்படுகின்றன, அவ்வளவே.

நைட்ரஜன் டெட்ராக்சைடு பிரிந்து இரண்டு நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிற வினையை எடுங்கள். 298.15இல் திட்ட கிப்ஸ் ஆற்றல் மாற்றம் சுமார் 4.7 கிலோஜூல். சரியாகப் போட்டால் சமநிலை மாறிலி 0.15. அதே 4.7ஐ வைத்துக்கொண்டு வெப்பநிலையை 273.15 என்று போட்டால் 0.126 வரும். இது எந்த வெப்பநிலைக்கும் உரிய விடை இல்லை. உண்மையில் 0 டிகிரியில் மாறிலி 0.02க்கும் கீழே இருக்கும், ஏனென்றால் கிப்ஸ் ஆற்றலே அங்கே வேறு. வெப்பநிலையை மாற்ற வேண்டுமென்றால், மாறிலி வெப்பநிலையோடு எப்படி மாறும் என்று சொல்லும் வான்ட் ஹாஃப் சமன்பாட்டின் வழியாகத்தான் போக வேண்டும்.

மின்வேதியியலில் மின்கல மின்னழுத்தம் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் வரும் 0.0592 என்ற எண்ணும் இப்படித்தான், 25 டிகிரிக்கு மட்டும் உரியது. 35 டிகிரி அறையில் அது 0.0611. பி.எச். மீட்டரில் வெப்பநிலைத் திருகை 25இலேயே விட்டுவிட்டு, மின்முனை கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவதைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. முதலில் திருகைத் திருப்பிப் பாருங்கள்.

அறிகுறி: 18 கிராம் நீர் எஸ்.டி.பி.யில் 22.4 லிட்டர் என்று வந்துவிட்டது

22.4ம் சரி, 22.7ம் சரி, வாயுவுக்கு மட்டும். 0 டிகிரியில் நீர் வாயு இல்லை. 18 கிராம் நீர் 18 மி.லி.தான், ஆயிரத்து இருநூறு மடங்குக்கு மேல் தப்பு. பென்சீனும் அப்படியே, 5.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். வினாவில் எஸ்.டி.பி. என்று பார்த்தவுடன் 22.4க்குக் கை போகும் முன் அந்தப் பொருள் அங்கே வாயுவா என்று ஒரு நொடி நினையுங்கள்.

அறிகுறி: கரைசல்களில் அரை சதவீதத்துக்குக் குறைவான பிசகு

வாயு இல்லாத இடத்திலும் திட்ட வெப்பநிலை உண்டு. அளவுக் குடுவையின் கழுத்தில் 20 டிகிரி அல்லது 27 டிகிரி என்று பொறித்திருக்கும். 27 இந்தியத் தரநிலையில் வந்தது, நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. சிமெண்ட் சோதனையும் 27 டிகிரியில்தான், தாழையூத்துப் பக்கம் ஆலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது மனப்பாடம். 20 டிகிரியில் உள்ள நீர் 35 டிகிரியில் 0.4 சதவீதம் விரிந்துவிடும். கரைசல் தயாரித்ததும் தரம்பார்த்ததும் ஒரே அறை வெப்பநிலையில் நடந்தால் பாதிப்பு குறைவு. காலையில் ஏ.சி. அறையில் தயாரித்து மத்தியானம் வெளி ஆய்வகத்தில் தரம்பார்த்தால் தெரியும்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஒரு சதவீதம் நிற்கிறது

எந்த வாயு என்று பாருங்கள். 22.414 நல்லியல்பு வாயுவுக்குச் சொன்னது. பழைய எஸ்.டி.பி.யில் ஹைட்ரஜன் 22.43 வரும், ஒத்துப்போகும். கார்பன் டை ஆக்சைடு 22.26தான். அம்மோனியா 22.09. கந்தக டை ஆக்சைடு 21.89, இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைவு. மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று இழுப்பதால் வரும் குறைவு இது. உங்கள் அளவீடு அந்த இழுப்பையே காட்டியிருக்கிறது என்றால் ரெக்கார்டில் அந்த எண்ணைத் திருத்தாமல் அப்படியே எழுதி, பக்கத்தில் வெப்பநிலை, அழுத்தம், நீராவி, எந்த எஸ்.டி.பி. என்ற நான்கையும் குறித்துவிடுங்கள். ஹைட்ரஜனிலேயே ஒரு சதவீதம் நின்றால் மட்டும் தராசையும் குழாயின் அளவுக்கோட்டையும் சோதிக்கலாம். குழாயில் தெரிந்த அளவு நீரை ஊற்றி எடை போட்டால் கோடு சரியா என்று தெரிந்துவிடும்.